படித்ததற்கு ஒரு புளியங்கொட்டை

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. மேடையில் நடு நாற்காலியில் ஓய்வுபெற்ற நூலகர் வேலாயுதம் சார். கழுத்தில் ரோஜா மாலை, அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாத முகம். அவருக்கு இடப்பக்கம் அவர் மனைவி சொர்ணம். வலப்பக்கம் கல்லூரியின் புது பிரின்சிபால். அவர் பெயரை நான் விசாரிக்கவில்லை, அவரோடு எனக்குப் பகை கிடையாது. கீழே முதல் வரிசையில் தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற ஜீனத் மேடம். இரண்டாம் வரிசையில் என்னோடு லைப்ரரியில் அசிஸ்டெண்டாக இருந்த காந்திமதி, முழங்காலில் பெல்ட் மாட்டிக்கொண்டு. மூன்றாம் வரிசையில் உன் மனைவி, உன் மகள், நான். மைக்குக்கு முன்னால் நீ. உன் பெயரை எழுத வேண்டிய இடம் வரும்போது எழுதுகிறேன்.

வேலாயுதம் சாருக்குப் பாராட்டு விழா என்று சொல்லித்தான் என்னைத் தென்காசியில் இருந்து காரில் கூட்டிக்கொண்டு போனாய். நான் இருபத்தாறு வருஷம் கூட்டிப் பெருக்கிய கல்லூரி. வாசலில் இறங்கும்போதே காலணியைக் கழற்றப் போனேன்; நீ வேண்டாம் என்று என் முழங்கையைப் பிடித்தாய். அதுவரை நல்ல பிள்ளைதான். பிறகு மேடையில் ஏறினாய், விளக்கை அணைக்கச் சொன்னாய், திரையில் ஒரு படத்தைப் போட்டாய். பதினெட்டு பிஸ்கட் டப்பா வரிசையாக இருக்கிறது, ஒரு கை ஒரு டப்பாவுக்குள் புளியங்கொட்டையைப் போடுகிறது. கை மட்டும்தான். மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு, புறங்கையில் வெந்நீர் பட்ட தழும்பு. நீ திரைக்கு முன்னால் நகர்ந்தாய், படத்தின் ஒளி உன் மேல் விழுந்தது. என் கை உன் வெள்ளைச் சட்டையின் மேல் கிடந்தது. நீ சொன்னாய், "எதையும் எளிமையாகச் செய்வதுதான் சாருடைய மேதைமை. எந்த ஜர்னலை மாணவர்கள் உண்மையாகவே படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, சார் கண்டுபிடித்த புளியங்கொட்டை முறை இது." எல்லாரும் கைதட்டினார்கள். உன் மகளும் கைதட்டினாள். தட்டிவிட்டு என் பக்கம் குனிந்து, "ஆச்சி, அது யாரு கை?" என்று கேட்டாள். நான் என் கையைச் சேலை முந்திக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். நீயும் பதில் சொன்னாய். மறந்திருப்பாய், அதனால் ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"ஏலே, அது யாரு கண்டுபிடிச்சது?"

"எம்மா, இப்பப் போயி அதையெல்லாம் பேசணுமா? சார் வயசானவரு. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு."

"எனக்கும்தான் வயசாச்சு. எனக்குப் பொய் சொல்லிப் பாராட்டுனியா?"

"வெறும் புளியங்கொட்டைதானம்மா. அதைக் கட்டுரையா எழுதுனதுதான் பெரிய விஷயம்."

குற்றாலத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தாய். தின்றேன். வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. தோல் சாயம் விரலில் ஏறிக்கொண்டது, துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ உன் மனைவியிடம் சொன்னாய்: இன்றைக்குப் பேசியதைக் கட்டுரையாக எழுதிவிட்டேன், சாருடைய இரண்டு கட்டுரையையும் ஆதாரமாக வைத்திருக்கிறேன், அவர் எழுதின அதே லைப்ரரி ஜர்னலில் அடுத்த இதழில் வருகிறது, நானே எடிட்டோரியல் போர்டில் இருப்பதால் ஒரு சிக்கலும் இல்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதை நீங்கள் யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் கடிதம் அதற்காகத்தான். பேச்சு காற்றில் போய்விடும், போகட்டும் என்று விட்டிருப்பேன். அச்சில் ஏறப் போகிறது என்ற பிறகு விட முடியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே. அந்த ஜர்னல் பழுப்புத் தாள் சுற்றித் தபாலில் வரும்போது பசை ஈரத்தில் கிழியாமல் உரித்தவள் நான். முத்திரை குத்தியவள் நான். வராத இதழுக்குக் கடிதம் போடச் சொல்லி ஞாபகப்படுத்தியவள் நான். மார்கழி இதழ் வரவில்லை என்பது சாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுக்கில் அந்த இடம் ஒரு விரல் கனம் குறைவாக இருக்கும். வருஷக் கடைசியில் பன்னிரண்டையும் கட்டி பைண்டிங்குக்கு அனுப்பினால் கெட்டி அட்டையோடு திரும்பி வரும். பிறகு அதை யாரும் மாற்ற முடியாது. நாங்கள் எல்லாம் செத்த பிறகும் அது அங்கேயே நிற்கும். அதனால்தான் பயம்.

முதலில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை மறந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே மருந்துதான். நீ அப்போது அதே கல்லூரியில் கடைசி வருஷம் படித்தாய். அப்போதைய நிர்வாகம் பதினெட்டு ஜர்னலில் பாதியை நிறுத்த வேண்டும், எதை யாரும் படிப்பதில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று வேலாயுதம் சாரைக் கேட்டது. அவர் வாசிப்பு அறையில் ஒரு நோட்டை வைத்து, படித்தவர்கள் ஜர்னல் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டும் என்று போர்டு எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. காந்திமதி வாசித்துக் காட்டினாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. வேதியியல் ஜர்னலைப் பிரின்சிபால் வீட்டு மாமியார் நான்கு முறை படித்திருந்தார். ஐந்தருவிக் குரங்கு ஒன்று கணக்குப் பாட ஜர்னலைப் படித்துவிட்டு, 'சுமார்' என்று கருத்தும் எழுதியிருந்தது.

சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெருக்கிக்கொண்டே சொன்னேன், "சார், எது படிச்சது எது படிக்காததுன்னு மேசையப் பாத்தாத் தெரியுமே." அவருக்குப் புரியவில்லை. கடையத்தில் என் அம்மா அறுவடைக் களத்தில் கட்டு எண்ணுவதற்கு நிற்பாள். எழுதத் தெரியாது, ஒரு கட்டு போனால் மடியில் இருந்து ஒரு புளியங்கொட்டையை ஓலைப்பெட்டிக்குள் போடுவாள். சாயங்காலம் எந்த மேஸ்திரியும் அவளை ஏமாற்ற முடியாது. அதைத்தான் செய்தேன். தேநீர்க்கடையில் பதினெட்டு பிஸ்கட் டப்பா வாங்கி, ஒவ்வொரு ஜர்னல் அடுக்குக்குப் பின்னாலும் ஒன்று வைத்தேன். சாயங்காலம் மேசையில் கிடப்பதை எடுத்து அடுக்கும்போது, படித்திருந்தால் ஒரு கொட்டை. கொட்டையைக் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டது யார்? நீ. கோழி கொத்தாமல் பாய் விரித்து, கல் வைத்து.

படித்திருந்தால் என்று சொன்னேனே, அதுதான் விஷயம். அந்த அறையில் சாரல் காலத்தில் பாதிப் பேர் படிக்க வருவதில்லை, நனையாமல் இருக்க வருவார்கள். ஈரத் தலையோடு உட்கார்ந்து ஜர்னலை எடுத்து விசிறுவார்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில் விரிப்பார்கள். ஒருத்தன் வழவழப்புத் தாளில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்வான். அதெல்லாம் மேசை ஓரத்தில் மூடியபடி சதுரமாகக் கிடக்கும். படித்தது அப்படிக் கிடக்காது. கவிழ்த்து வைத்திருக்கும், நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருக்கும், பக்க ஓரம் விரல் ஈரத்தில் நெளிந்திருக்கும், நாற்காலி மேசையை ஒட்டி இழுத்துப் போட்டிருக்கும். படித்ததற்கு ஒரு கொட்டை, விசிறியதற்குக் கிடையாது. இந்தச் சட்டம் என்னுடையது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதை ஒரு நாள் மதியம் பூராவும் சார் என் பின்னால் நடந்து கேட்டு எழுதிக்கொண்டார். படமும் எடுத்தார். என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

அவர் கட்டுரை அச்சான இதழ் வந்த அன்று உறையை உரித்தது நான். புரட்டும்போது என் வளையலைப் பார்த்தேன். ஓடிப்போய்க் காந்திமதியிடம் நீட்டினேன். "ஏட்டி, வாசி. எம் பேரு எங்கன இருக்குன்னு காட்டு." அவள் நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். விசிறியதற்குக் கிடையாது என்பது இருந்தது. டிக்கெட் இருந்தது, நெளிந்த ஓரம் இருந்தது. கடைசியில் நன்றி என்று நான்கு வரி; நிர்வாகத்துக்கு நன்றி, பிரின்சிபாலுக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி, பொறுமையாக இருந்த மனைவி சொர்ணத்துக்கு நன்றி. காந்திமதி இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லக்கா," என்றாள். பிறகு அவளாகவே, "அந்தக் கொட்டை எண்ணுனது கூட 'நான்'னு எழுதியிருக்காருக்கா," என்றாள்.

நான் அவர் அறைக்குப் போனேன். கையில் துடைப்பம் இருந்தது, அதைக் கீழே வைக்கவில்லை.

"சார், எம் பேரைக் காணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, இது லைப்ரரிக்காரங்க படிக்கிற ஜர்னல். ஒரு இடத்துல ஒருத்தர் செஞ்சதை இன்னொரு இடத்துல இருக்கவங்க பாத்துச் செய்யணும், அதுக்குத்தான். அதுல அட்டெண்டர் பேரைப் போட்டா யாரு நம்புவாங்க? முறையே எடுபடாமப் போயிரும்."

"எங் கையை நம்புவாவளா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உம் மகன் கடைசி வருஷம்தான? லைப்ரரி சயின்ஸ் சேத்துவிடுதேன். நானே லெட்டர் தாரேன். அவனை நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

நான் வாயை மூடினேன். இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னை முன்னால் வைத்தார், மூடினேன். அன்று மட்டும் அந்த அறையில் கத்தியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. நீ சேர்ந்தாய், படித்தாய், வேலை வாங்கினாய், அவரைக் குருவே என்று காலில் விழுந்தாய். இடையில் கேரளத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் இருந்து அவருக்குக் கடிதம் வந்தது. கட்டுரை படித்தோம், நாங்களும் செய்து பார்த்தோம், இங்கே புளியங்கொட்டைக்குப் பதில் மஞ்சாடி விதை போடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர் அதை எல்லாரிடமும் காட்டினார், என்னிடமும் காட்டினார். என் கொட்டை எல்லையில் இருக்கும் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் அதே அறையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன்.

வாயைத்தான் மூடினேன், கையை மூடவில்லை. இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. அந்த விழா நாள் வரை யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு வருஷக் கணக்கை வைத்து எதையும் நிறுத்த முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அடுத்த வருஷமும் அவர் எண்ணச் சொன்னார். இன்னொரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். சரி சார் என்றேன். ஜூன் மாசம் சாரல் ஆரம்பித்த நாளில் நானும் ஆரம்பித்தேன். எந்த டப்பா நிறைகிறதோ அதைக் காலி செய்து, காலியாக இருக்கும் டப்பாவில் கொட்டினேன். அட்டையைக்கூட யாரும் புரட்டாத வணிகவியல் ஜர்னல் ஒன்று இருந்தது, அதற்குத்தான் அதிகம் போட்டேன். சாயங்காலம் கொட்டை விழும் சத்தம் கேட்கும்போது எனக்கு அப்படி ஒரு ஆறுதல். ஒவ்வொன்றும் அவர் தலையில் வைக்கும் குட்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் எழுந்து அந்த மேசைப் பக்கம் நடந்து வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். வரவில்லை. மார்ச்சில் டப்பாக்களைத் தன் அறைக்கு எடுத்துவரச் சொல்லி எண்ணினார். இதுவரை யாரும் எதிர்பாராத முடிவு என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். அதுவும் அச்சில் வந்தது. அதற்குத்தான் அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த இரண்டாவது கட்டுரை முழுக்கப் பொய். வேலாயுதம் சார் திருடினது உண்மையை. நான் கொடுத்தது பொய்யை. இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

அவர் கட்டுரையை வைத்து நிர்வாகம் ஒன்பது ஜர்னலை நிறுத்தியது. நான் சந்தோஷமாக இருந்தேன். பத்தோ பன்னிரண்டோ நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரு மதியம் ஜீனத் மேடம் வந்து தாவர ஜர்னல் அடுக்குக்கு முன்னால் நின்றார். அவர் குற்றால மலைச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் துபாயில், மாமியாருக்குப் பக்கவாதம். மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் அவருக்குச் சொந்தம். டிபனை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அந்த ஒரு ஜர்னலை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்காருவார். அந்த வருஷம் முழுக்க நிறைந்து வழிந்த டப்பா அவருடையதுதான். நிறைந்தது எது என்று பார்த்துக் காலி செய்தேனே தவிர, நிறைத்தது யார் என்று நான் யோசிக்கவில்லை. "அக்கா, புதுசு வரலியா?" என்று கேட்டார். "நிறுத்தியாச்சு மேடம். யாரும் படிக்கலன்னு." அவர் காலி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருமே படிக்கலியா?" என்றார். பெரிய குரலில் இல்லை. பிறகு சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் அங்கே ஒரு கல்லூரி லைப்ரரியில் அதே ஜர்னலைப் படித்துவிட்டு வருவதாகக் காந்திமதி சொன்னாள். ஒரு வருஷம் போனார். மாமியார் படுத்த படுக்கையான பிறகு அதுவும் நின்றது. ஆராய்ச்சியை முடிக்கவில்லை. கடைசி வரை வெறும் ஜீனத் மேடம்தான், டாக்டர் ஜீனத் ஆகவில்லை.

பழி வாங்கப் போகிறவன் வீசுகிற கல்லுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வீச வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. உனக்குச் சொல்கிறேன். வீசாதே என்று சொல்லமாட்டேன், அது நான் நம்பாத புத்திமதி.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். நீ டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், செங்கோட்டை பாசஞ்சரில் என் எதிரே உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டுத் தாளைத் திருத்தினாய். எல்லாக் கட்டுரைக்கும் கடைசியில் வால் மாதிரிப் பெயராக நீளுகிறதே, அது என்ன என்று கேட்டேன். நீ சொன்னாய்: "யார்கிட்ட இருந்து எதை எடுத்தோம்னு சொல்லுதது அதும்மா. அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டே போனா மூலத்துக்குப் போயிரலாம். பேரைப் போட்டு எடுத்தா படிப்பு, பேரைப் போடாம எடுத்தா திருட்டு." பாவூர்சத்திரம் தாண்டி வண்டி கிராசிங்குக்கு நின்றிருந்தது. உன் முழங்காலில் முறுக்குத் தூள். அன்று நான் நினைத்தேன், இவன் ஒரு நாள் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவான் என்று. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். வாலைப் பிடித்தாய். வேலாயுதம் சாரோடு நின்றுவிட்டாய். மூலம் மூன்றாம் வரிசையில் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

விழா முடிந்த நான்காம் நாள் நான் தென்காசியில் ஜீனத் மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைக் காலி செய்ததைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மாடியில் யாரோ தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அது நின்றது, திரும்ப ஓடியது.

"அந்த வருஷம் நான் என்னைப் பத்தியே சந்தேகப்பட்டேன் அக்கா," என்றார். "தினமும் போயி உக்காந்தேனே, ஒருத்தரும் படிக்கலன்னு எழுதியிருக்கே, அப்ப நான் படிச்சதெல்லாம் படிப்பே இல்லையோன்னு."

"மன்னிச்சிருங்க மேடம்."

"மன்னிக்க மாட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு வேகவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க." நான் குடித்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் ஒரு பேனாவும் பெரிய தாளும் கொண்டுவந்தார். "இப்ப சொல்லுங்க. அந்த ஜர்னலுக்கு இங்கிலீஷ்ல நான் எழுதுதேன். அவருதையும் சொல்லணும், உங்களுதையும் சொல்லணும். பாதி சொல்லுதா இருந்தா நான் எழுத மாட்டேன்."

முழுதும் சொன்னேன். மூன்று பக்கம் வந்தது. முதல் கட்டுரையில் உள்ள முறையும் சட்டமும் யாருடையது. இரண்டாம் கட்டுரையில் உள்ள எண்கள் ஏன் செல்லாது. அதைப் பொய்யாக்கியது யார். அதனால் ஒரு வாசகரின் ஆராய்ச்சி எப்படி நின்றது. வாசகர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதத்தான் செய்வேன்," என்று தன் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதோடு ஒரு படத்தையும் வைத்தோம். அன்று சார் எடுத்த படம், வெட்டாத முழுப் படம். வச்சுக்கோ என்று அப்போது எனக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார். பதினெட்டு டப்பா, கை, கைக்கு மேலே முழங்கை, தோள், சிரித்துக்கொண்டிருக்கும் என் முகம். அவர் செய்த ஒரே முட்டாள்தனம் அது. துணி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினேன். பதிவுத் தபாலில் தலைமை ஆசிரியருக்குப் போயாகிவிட்டது. போர்டில் இருப்பவனின் தாய் எழுதுகிறேன் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். பின்னால் தெரிந்து நீ அசிங்கப்படுவதை விட முன்னாலேயே தெரிந்துவிடட்டும்.

ஆகையால் உன் கட்டுரை அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும். பொய்யான எண்ணின் மேல் கட்டியது அது, விழுந்துதான் ஆக வேண்டும். போர்டில் உனக்கு நாற்காலி இருக்குமோ என்னவோ. ஜர்னலில் இருந்து வேலாயுதம் சார் வீட்டுக்கும் கடிதம் போகும். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு என்று நீ சொல்வாய். எனக்கு அவர் மேல் இரக்கம் இல்லை என்று எழுதினால் அது உண்மை. இந்தக் கடிதத்தைக்கூட நான் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி. ஒரு நகல் காந்திமதியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் மருமகள் இப்போது அதே லைப்ரரியில் வேலை பார்க்கிறாள். ஜர்னல் அடுக்கில் அதை வைப்பாள். யாராவது கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் படித்தார்கள் என்று அர்த்தம்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஜர்னலில் உன் கையால் திருத்தம் எழுது. அழகாக எழுத வேண்டாம், என்னைப் புகழ வேண்டாம், தாய்மை என்று ஒரு சொல் வரக்கூடாது. முறை யாருடையது, எண் ஏன் தப்பு, அவ்வளவு போதும். எனக்காகவும் எழுதாதே. எங்கோ ஒரு லைப்ரரியில் ஒருத்தி அந்த இரண்டாம் கட்டுரையை நம்பி, நிறைந்து வழியும் ஒரு ஜர்னலை நிறுத்தப் போகிறாள். சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி நான் படித்தது படிப்பே இல்லையோ என்று நினைக்கப் போகிறாள். அவளுக்காக எழுது. அதற்குத்தான் அந்தப் பத்திரிகை என்று வேலாயுதம் சாரே சொல்லியிருக்கிறார்.

எழுதினால் மன்னிப்பேன் என்று நினைக்காதே. ஜீனத் மேடத்திடம் நான் கற்றுக்கொண்டது அது. மன்னிக்காமலேயே தேத்தண்ணி கொடுக்கலாம், மன்னிக்காமலேயே மூன்று பக்கம் எழுதிக் கொடுக்கலாம். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், எண்ணெய் கசியாமல் இரண்டு கவர். மேலே எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்.

வேலாயுதம் சாரை மன்னிக்கும் அவசியமே எனக்கு வரவில்லை. திருடியவர் மேல் பழி வாங்கியாயிற்று, தபாலும் போட்டாயிற்று. அவருக்கும் எனக்கும் நடுவில் இனி ஒன்றும் இல்லை. சொர்ணம் பாவம், நன்றி என்று போட்டதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. காந்திமதி இருந்ததை இருந்தபடி வாசித்தாள். அந்த மண்டபத்தில் என் கையை யாரையும் விட நன்றாக அடையாளம் தெரிந்த ஆள் மைக்குக்கு முன்னால் நின்றான். தழும்பு எந்த வெந்நீரால் வந்தது என்று தெரியும். கொட்டையைக் காயப்போட்டது தெரியும். பெயர் போடாமல் எடுத்தால் அதன் பெயர் என்ன என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவன். சட்டை மேல் என் கை கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே இன்னொருத்தர் பெயரைச் சொன்னான். அவன் மேல் பழி வாங்க எனக்குக் கை வராது. அதனால் அது தீரவே தீராது. அவனை நான் மன்னிக்கமாட்டேன். ஆடித்தபசுத் திருநாள் அன்று பிறந்தான் என்று அந்தச் சாமியை நினைத்து நானே வைத்த பெயர், சங்கரலிங்கம்.